மாமன் அனுப்பும் வீடு

அம்மாள்கொல்லை
4 ஜூன் 2025

அன்புள்ள புவனாவுக்கு,

அம்மாள்கொல்லை தர்ம வீட்டின் ஏழாம் அறைக்குச் சக்கரவர்த்தியும், சுற்றுவட்டாரக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் ஏகபோகத் தாய்மாமனும், உன் அம்மாவுக்கு ஒரே அண்ணனுமாகிய நல்லசாமி எழுதும் ஓலை இது. உட்கார்ந்து படி. விஷயம் பெரிது, கால் வலிக்கும்.

உன் நம்பருக்கு நாலாயிரம் தடவை அடித்தேன். போன் கெட்டுவிட்டதென்று மந்தாரக்குப்பம் செல்போன் கடை சிவக்குமாரிடம் கொடுத்தேன். அவன் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, “பெரியவரே, இது ரிப்பேர் இல்ல. அவுங்க ஒங்கள பிளாக் பண்ணி வெச்சிகினு இருக்காங்க” என்று கடைவீதிக்கே அறிவித்தான். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எனக்காக ‘ச்சொ ச்சொ’ கூடக் கொட்டினார். ஆகவே தபால். உனக்கும் எனக்கும் நடுவே பதினோரு கிலோமீட்டரும் ஒரு சுரங்கமும்தான். இந்தக் கடிதம் மட்டும் காசி, ராமேசுவரம் போய்த் தீர்த்தமாடிவிட்டுத்தான் உன் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேரும்.

நீ இங்கே ஒருநாளும் வந்ததில்லை. என் சாம்ராஜ்யத்தைச் சொல்கிறேன். ஒரே ஓட்டுக்கூரை, அதன் கீழே ரயில் பெட்டி மாதிரி ஒன்பது அறை, கடைசியில் பொதுச் சமையற்கட்டு. நூற்றுப்பதினேழு வருஷத்துக்கு முன்னால் கஸ்தூரியம்மாள் என்ற மல்லாட்டைக் கடலை வியாபாரியின் மனைவி கட்டியது. சுவருக்குச் சுண்ணாம்பு குழைக்க முட்டை உடைத்து உடைத்து, மூன்று தாலுகாக் கோழிகளும் சன்னியாசம் வாங்கிக்கொண்டதாகக் கேள்வி. அந்த அம்மாளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் செத்த அன்று கொள்ளி வைக்க ஆளில்லாமல், சந்தைக்கு மூட்டை ஏற்றிவந்த வண்டிக்காரனைக் கெஞ்சி வைக்கச் சொன்னாளாம். அதற்கப்புறம்தான் உயில் எழுதினாள். யாருமில்லாத ஒன்பது பேருக்கு ஆயுசு முழுக்க அறையும் சோறும். பதிலுக்கு அந்த ஒன்பது பேரும், யாருமில்லாத வீடுகளுக்கு யாராவது ஆகிப் போய் நிற்க வேண்டும்.

ஆளில்லாத வீட்டார் ஒரு தாளில் எழுதிப் போட்டால், முறை வைத்து எங்களில் ஒருவர் போவோம். கல்யாணத்தில் பெண்ணுக்கு அப்பா, பிரசவத்துக்கு அம்மா, சாவுக்குப் பங்காளி. போன மாதம் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிற ஒடிசாக்காரப் பெண் ஒருத்திக்குப் பிரசவம். புருஷன் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்டில் இருந்தான். எங்கள் இரண்டாம் அறைப் பொற்கொடிதான் அம்மாவாகப் போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் இருந்தாள். அவள் பேசியது அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, அந்தப் பெண் பேசியது இவளுக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் சண்டை மட்டும் ஒழுங்காகப் போட்டார்களாம்.

எனக்கு வாய்த்தது காதுகுத்து. இதுவரை நானூறு குழந்தைகள் என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டிருக்கின்றன. சரி, பதினாலு. அதில் பதிமூன்று என்னைக் கடித்தன.

உன் மகள் சண்முகப்பிரியாவுக்கு ஆவணியில் காதுகுத்து என்று கேள்வி. உனக்கு அண்ணன் தம்பி இல்லை. மாமன் இல்லாத வீட்டில் மாமனுக்கு மாமன் நான். மடி காலியாகத்தான் இருக்கிறது. சொந்தக்காரன் என்று இங்கே தெரிந்தால் என் அறைக்கு ஆபத்து. ஆகையால் பூ விற்கிறவன் மாதிரி வேஷம் போட்டு வந்து, மடியைக் கொடுத்துவிட்டு மாயமாகிவிடுகிறேன். என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு,
மாமர்குலத் திலகம்
நல்லசாமி


பிளாக் 19, நெய்வேலி
13 ஜூன் 2025

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. அதனால்தான் பதில் எழுத முடிகிறது.

ஜனவரி 22 காலை அம்மா போனதும் முதல் போன் உங்களுக்குத்தான் செய்தேன். பிறந்த வீட்டுக் கோடி வந்தால்தான் எடுக்கலாம் என்று மாலை மூன்று மணி வரை வைத்திருந்தோம். ஒவ்வொரு ஆட்டோ நின்றபோதும் எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று மணிக்கு எதிர் குவார்ட்டர்ஸ் கிருஷ்ணப்ரியா அக்கா, தனக்கென்று எடுத்து வைத்திருந்த புதுப் புடவை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். “என்னையே அவங்க பொறந்த வீடுன்னு நெனச்சிக்கங்க” என்றார்கள். அதைத்தான் போர்த்தினோம்.

மூன்றாம் நாள் நீங்கள் போன் செய்தீர்கள். “உங்கம்மா மேல போயும் என்னப் பத்திக் கோள் சொல்லிகினுதான் இருப்பா” என்றீர்கள். சிரித்தீர்கள். அன்றைக்குத்தான் உங்கள் நம்பரைத் தடுத்தேன்.

போன வருஷம் அங்கே சேரும்போது எனக்கு யாரும் இல்லை என்று சொல்லிச் சேர்ந்திருக்கிறீர்கள். அப்போது அம்மா உயிரோடு இருந்தார்கள். நானும் இருந்தேன். பத்து மாதக் கைக்குழந்தை இல்லை நான், முப்பத்திரண்டு வயது. நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன்.

பூக்காரர் வேஷத்தில் யாரும் வர வேண்டாம்.

ஒரு கேள்வி மட்டும். அன்றைக்கு ஏன் வரவில்லை?

புவனா


அம்மாள்கொல்லை
20 ஜூன் 2025

அன்புள்ள புவனாவுக்கு,

ஏன் வரவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன்.

அன்று காலை நான் புறப்பட்டுத் தார்ச்சாலைக்கு வந்தால், சுரங்கத்து ராட்சச இயந்திரம் ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. உனக்குத் தெரியும், அது மணிக்கு நாலு முழம் போகும். தலை கடலூரில் இருந்தது, வால் விருத்தாசலத்தில் இருந்தது. அது கடந்து முடிப்பதற்குள் எனக்கு இரண்டு தடவை தாடி வளர்ந்தது. அதற்குப் பிறகு வந்த பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குத் தூக்கம், கண்டக்டருக்கு ஞானோதயம்.

போகட்டும். அறை விஷயம் சொல்கிறேன், அது நிஜம். இங்கே ஒருவரைச் சேர்க்கும்போது ஒரு வழக்கம் உண்டு. சேருகிறவன் பையோடு வாசற்படிக்கு வெளியே நிற்க வேண்டும். நிர்வாகி செல்வகுமார் தெருவைப் பார்த்து, “இவருக்கு யாராவது இருக்கீங்களா?” என்று கேட்பார். மூன்று தரம். ஊர்க்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்பார்கள். எவராவது ‘நான் இருக்கேன்’ என்றால், அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான். மூன்று தரமும் சத்தமில்லை என்றால் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். நூற்றுப்பதினேழு வருஷமாக இப்படி. எனக்கும் கேட்டார்கள். தெரு வாயைத் திறக்கவில்லை. ஒரு ஆடு மட்டும் கத்தியது. அதைச் சொந்தமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

முப்பத்தோரு வருஷம் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்றவன் நான். கடைசி வரை கான்ட்ராக்ட்தான், பெர்மனென்ட் ஆகவில்லை. உன் அத்தை போன பிறகு மந்தாரக்குப்பத்தில் இருந்த வாடகை அறையும் ஒழுகிச் சரிந்தது. இந்த ஏழாம் அறைதான் என் வாழ்நாளில் யாரும் என்னைக் காலி செய்யச் சொல்லாத ஒரே இடம். அதையும் இழந்தால் பிறகு ரோட்டோரம்தான். அந்தப் பயத்தில்தான் வேஷம் என்று சொன்னேன். தப்பு.

பிள்ளைக்கு எந்தத் தேதி?

இப்படிக்கு,
ஏழாம் அறைச் சக்கரவர்த்தி
நல்லசாமி


பிளாக் 19
5 ஜூலை 2025

மாமாவுக்கு,

இயந்திரக் கதையைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

தேதி ஆகஸ்ட் 31, ஞாயிறு. ஒரு வருஷம் திரும்பட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். “அது பொண்ணு வூட்டுத் துக்கம், நம்ம வூட்டுக்கு இல்ல” என்றார் என் மாமியார். சரி என்றேன். இப்போதெல்லாம் எதற்கும் சரி என்றுதான் சொல்கிறேன். பெரிதாகத் தெரிவதில்லை.

மாமன் மடி இல்லாமல் குத்தக் கூடாது, என் வீட்டுக்காரர் பக்கத்து ஆள் யாரையாவது உட்கார வைக்கலாம் என்றார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா பக்கத்து இடத்தில் அவர்கள் ஆள் உட்காருவதைவிட, யாரும் அல்லாத ஒருவர் உட்காரட்டும். உங்கள் தர்ம வீட்டில் ஆள் கொடுப்பார்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்களே. நேற்று ஒரு தாளில் எழுதிப் போட்டுவிட்டேன். ‘தாய் இறந்துவிட்டார். தாய் வழியில் யாரும் இல்லை. குழந்தையின் காதுகுத்துக்கு மாமன் ஸ்தானத்தில் ஒருவர் தேவை.’ பெயர், முகவரி எழுதினேன். உங்களைப் பற்றி எழுதவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்.

புவனா


அம்மாள்கொல்லை
14 ஜூலை 2025

புவனா,

உன் தாள் வந்தது. அதைச் செல்வகுமார் சமையற்கட்டில் வைத்துச் சத்தமாகப் படித்தார். ‘தாய் வழியில் யாரும் இல்லை’ என்ற இடத்தில் பொற்கொடி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “பாவம்டா அந்தப் பொண்ணு” என்றாள். நான் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து உரித்தேன்.

முறை கலியனுடையது. கலியன் ஐந்தாம் அறை. சுரங்கத்தில் வெடி வைக்கும் கூட்டத்தில் இருந்தவர். அவருக்கு மாமன் வேலை இதுவரை கிடைத்ததில்லை, சாவு வீடுகளாகவே வாய்த்தது. அன்று முதல் பூமியில் கால் பாவவில்லை. தலையணையை மடியில் வைத்துப் பழகுகிறார். “நல்லசாமி, புள்ள அழுதா இன்னா பண்றது? நெஞ்சோட அணைச்சிகினு இருக்கணுமா, தட்டிக் குடுக்கணுமா?” என்று என்னிடம் பாடம் கேட்கிறார். சொல்லிக்கொடுத்தேன். தலையை இடது கையால் பிடிக்க வேண்டும், கண்ணை மறைக்கக் கூடாது, மறைத்தால்தான் பயப்படும் என்று. அவர் தலையணையின் தலையைப் பிடித்துக்கொண்டார். தலையணைக்கு எது தலை என்று இருவரும் கொஞ்ச நேரம் விவாதித்தோம்.

முறையை எனக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் ஏன் என்பார்கள்.

சரி, எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 22 அன்று இயந்திரம் எதுவும் கடக்கவில்லை. உன் போன் வந்ததும் மந்தாரக்குப்பம் போய்ப் புடவை எடுத்தேன். அரக்குக் கலர், பச்சைக் கரை. உன் அம்மாவுக்குப் பச்சை பிடிக்கும். பஸ் ஏறி நகரியத்தின் வளைவு வாசலில் இறங்கினேன். அங்கிருந்து உன் குவார்ட்டர்ஸ் நடக்கிற தூரம். கோடியோடு போய் நின்றால் பறை அடிப்பவர், ‘அண்ணன் நல்லசாமி கோடி’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் கூட்டத்தில் அம்மாள்கொல்லைக்காரன் ஒருவன் இருந்தால் போதும், அறை போய்விடும் என்று தோன்றியது. பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறுத்துப் போகலாம் என்று நினைத்தேன். ஊர்வலம் எதிர்ச்சாலையில் போனது. நீ முன்னால் போனாய். மாப்பிள்ளை பாலகுமார் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

நாலு நாள் கழித்து இந்த ஊரில் ஒரு அம்மாள் இறந்துபோனார். அண்ணன் ஸ்தானத்தில் போக வேண்டியது என் முறை. அந்தப் புடவையைத்தான் எடுத்துப் போனேன். போர்த்திவிட்டு விழுந்து அழுதேன். அப்படி அழுதேன், அந்த வீட்டுக்காரர்களே பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று சாவுகளுக்குப் போனேன். எல்லாவற்றிலும் அழுதேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உன் அம்மாவை நினைத்தால் ஒன்றும் வரவில்லை. கல் மாதிரி இருக்கிறது. மூன்றாம் நாள் உனக்குப் போன் செய்தபோதும் அப்படித்தான். வாய் தானாகப் பேசியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னைச் சேர்க்கும்போது தெருவில் மூன்று தரம் கேட்டார்கள் என்று எழுதினேன் அல்லவா. உன் அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் இந்த இடத்தை எனக்குச் சொன்னவள். “அண்ணா, நான் தள்ளி நின்னுகினு இருக்கேன். வாயத் தொறக்க மாட்டேன்” என்றாள். முதல் தரம் கேட்டபோது எங்கே அவள் பேசிவிடுவாளோ என்று பயந்தேன். இரண்டாம் தரமும் பயந்தேன். மூன்றாம் தரம், பேசிவிடுவாள் என்று நினைத்தேன். பயந்து நினைக்கவில்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ‘உள்ள வாங்க’ என்றார் செல்வகுமார். நான் உள்ளே போனேன்.

நல்லசாமி


பிளாக் 19
25 ஜூலை 2025

மாமா,

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. வடலூர் சபைக்குப் போய்வருகிறேன் என்று அம்மா சொன்னார்கள். பூச நாளுமில்லை, விசேஷமுமில்லை. மதியம் திரும்பி வந்து, கால்கூடக் கழுவாமல் பால்கனிக்குப் போனார்கள். குனிந்து கையால் முழம் போட்டுத் தரையை அளந்துகொண்டிருந்தார்கள். என்னம்மா என்றேன். “துணி ஒணத்தக் கயிறு கட்லாம்னு” என்றார்கள். கயிறு ஏற்கெனவே இருந்தது. நான் கவனிக்கவில்லை. பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று நானும் போய் அளந்தேன். மூன்றரை முழம். ஒரு கட்டில் போட நாலு வேண்டும்.

அறை ஒழுகியபோது நீங்கள் பத்து நாள் இங்கே வந்து இருந்தீர்களே. ஆறாம் நாள் சமையலறையில் என் வீட்டுக்காரர் என்னிடம், “இன்னும் எத்தன நாளு?” என்று கேட்டார். அப்படிக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் ஹாலில் இருந்தீர்கள். கன்வேயர் சத்தத்தில் காது போய்விட்டது என்று எப்போதும் சொல்வீர்கள். போகவில்லை, எனக்குத் தெரியும். பத்தாம் நாள் கிளம்பிவிட்டீர்கள்.

எனக்கும் அழுகை வரவில்லை. அன்றும் வரவில்லை, இதுவரையும் வரவில்லை. கல் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கல் மாதிரி இல்லை. ஷிப்ட் சங்கு ஊதி முடித்த பிறகு இருக்குமே, அது மாதிரி இருக்கிறது.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற மாட்டேன். கலியன் என்பவர் வந்தால் அவர் மடியில் வைக்கிறேன். தலையணையோடு பழகியிருக்கிறார், பாவம். நீங்கள் வருவதானால் நீங்களாக வாருங்கள். அறை போனால் எங்கே இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே இடம் இருக்கிறது என்று பொய் சொல்ல முடியாது.

புவனா


அம்மாள்கொல்லை
6 ஆகஸ்ட் 2025

புவனா,

முந்தாநாள் காலை, பத்து மணிக் காபி நேரம். எல்லாரும் சமையற்கட்டில் இருந்தார்கள். மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். இரண்டு வேட்டி, ஒரு டார்ச் லைட், உன் அத்தையின் போட்டோ. கட்டி முடிக்கக் காலே அரைக்கால் நிமிஷம் பிடித்தது.

செல்வகுமாரிடம், “அந்த நெய்வேலி காதுகுத்து இருக்கே, அது என் தங்கச்சி மவ வூடு” என்றேன்.

அவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். “தெரியுமே” என்றார்.

“இன்னா தெரியும்?”

“ஒங்களச் சேத்த அன்னிக்கி அந்தம்மா புளியமரத்தாண்ட நின்னுகினு இருந்தாங்களே. ஒங்க மூக்கு அப்படியே அவுங்க மூஞ்சில இருந்துது. ஊரே பாத்துதுங்க.”

எனக்கு விளங்கவில்லை. “அப்போ என்ன ஏன் உள்ள வுட்டீங்க?”

பொற்கொடி சிரித்துவிட்டாள். “அட, நீ இன்னா நேத்துப் பொறந்த மாதிரி பேசற? நான் வந்தப்போ என் அண்ணன் வந்து நிக்கல? அவுங்க வந்து நின்னாத்தானே நமக்கு உள்ள போவ மனசு வரும்? நிக்கறதுக்குத்தானே வராங்க.”

கலியன் சொன்னார்: “எனக்கு ரெண்டு பசங்க, திருப்பூர்ல. சின்னவன் ஊதாச் சட்ட போட்டுகினு நின்னான். மூணாந்தரம் கேட்டப்போ செருப்பப் பாத்துகினு இருந்தான். புதுச் செருப்பு.”

ஒன்பது பேரில் நிஜமாகவே யாருமில்லாதவர் மூன்றாம் அறைத் தனகோடி ஒருவர்தானாம். அவர், “நானும் தேடிகினுதான் இருக்கேன், ஒருத்தனும் மாட்ட மாட்டேங்கிறான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

செல்வகுமார் சொன்னார்: “கஸ்தூரியம்மா, கேக்கணும்னு எழுதி வெச்சாங்க. பதில் வரலன்னா சேத்துக்கணும்னு எழுதி வெச்சாங்க. நிக்கறவங்கள வெரட்டணும்னு எங்கயும் எழுதலீங்க. நீங்க பாட்டுக்குத் தங்கச்சி மவ வூட்டுக்குப் போய்ட்டு வாங்க. யாரு வேணாம்னா?”

அப்புறம் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். “தங்கச்சி செத்த அன்னிக்கி நீங்க மந்தாரக்குப்பத்துல கோடி எடுத்துகினு பஸ் ஏறினதப் பாத்தோம். சாயங்காலம் வந்தீங்க. போய்ட்டு வந்திருக்கீங்க, பேசத் தெம்பில்லன்னு நெனச்சித்தான் ஒண்ணும் கேக்கல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க எல்லாருமே வந்திருப்போம். மத்த எட்டுப் பேருக்கும் அது மொறதானே?”

அவரைக்காய் அன்றும் இருந்தது. உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். மூட்டையை அவிழ்த்து வைத்தேன்.

யாரும் காவல் காக்காத ஒரு வாசலுக்குப் பயந்துதான் நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இதை எப்படி ஜோடித்து எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வரவில்லை. அப்படியே எழுதிவிட்டேன்.

31-ஆம் தேதி நான் வரலாமா?

நல்லசாமி


பிளாக் 19
14 ஆகஸ்ட் 2025

மாமா,

படித்தேன். இரண்டு தரம் படித்தேன். பிறகு போய் சாதம் வடித்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். கோபமாக இருக்கிறேன் என்று எழுதினாலும் பொய்.

31-ஆம் தேதி காலை ஏழரைக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். வாருங்கள். கலியன் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் பழகியது வீணாக வேண்டாம். மொட்டை அடிக்கும்போது அவர் மடி, காது குத்தும்போது உங்கள் மடி. என் மாமியாரிடம் சொல்லிவிட்டேன். “ரெண்டு மாமனா?” என்றார். ஆமாம் என்றேன்.

புவனா


அம்மாள்கொல்லை
5 செப்டம்பர் 2025

புவனா,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். கலியன் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். மொட்டை அடிக்கும்போது குழந்தை அவர் மேல் ஒன்றுக்குப் போனதைப் பஸ்ஸில் இருந்த எல்லாரிடமும் சொன்னார். அந்த வேட்டியை இன்னும் துவைக்கப் போடவில்லை.

ஆசாரி, “தாய்மாமன் யாருங்க? வந்து ஒக்காருங்க” என்றாரே. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். நீ குழந்தையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாய். ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதும் என்று எழுத மாட்டேன். ஆனால் வைத்தாய். இரண்டு காதும் குத்தி முடிகிற வரை அது என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடிக்கவில்லை.

மூன்றாம் தேதி காலை, கீழத்தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார் என்று தாள் வந்தது. பங்காளி ஸ்தானத்தில் ஒருவர் வேண்டும். முறை என்னுடையது. செல்வகுமார் வந்து கூப்பிட்டார்.

“என்னால வர முடியாது. எனக்குத் துக்கம்” என்றேன்.

“யாரு?”

“தங்கச்சி.”

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தேதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “எத்தினி நாளு எழுதிக்கட்டும்?” என்றார்.

“பதினாறு.”

முறை நோட்டில் என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார். தனகோடியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கலியன் வந்து என் கதவுக்கு வெளியே உட்கார்ந்தார். அவரும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து இந்த ஊர் பார்த்ததில்லை.

மதியம் பொற்கொடி தட்டு கொண்டுவந்தாள். துக்க வீட்டில் தாளிக்கக் கூடாது அல்லவா. எட்டுப் பேருக்கு வைத்த குழம்பைத் தாளிப்பதற்கு முன்னால் எனக்கென்று ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவிட்டாள். நேற்றும் அப்படியே. இன்றும்.

இன்று மூன்றாம் நாள். அழுகை வரவில்லை. அதற்காகக் காத்துக்கொண்டிருக்கவும் இல்லை. குளித்துவிட்டு வந்து உட்காருகிறேன். அவள் பெயரை ஒருதரம் சொல்கிறேன். பிறகு சும்மா இருக்கிறேன். சமையற்கட்டில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கிறது. எனக்கு வருவது வெறும் குழம்பு. சாப்பிடுகிறேன்.

நீ உன் வீட்டில் தாளித்துச் சமை. மாமியார் சொல்வது சரி, அங்கே குழந்தை இருக்கிறது. இந்தப் பதினாறு நாளில் ஒருநாள் முடிந்தால் வந்து போ. துக்கம் கேட்க வருகிறவர்களுக்குப் பாய் போட்டு வைத்திருக்கிறேன்.

புஷ்பவல்லியின் அண்ணன்
நல்லசாமி